காத்து எந்தப் பக்கம்?

எங்க பொங்கலூர்ப் பக்கம் சைக்கிள் மிதிக்கிறதுக்கு மலைதான் கஷ்டம்னு நீங்க நினைச்சா... நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். அலகுமலை, சிவன்மலை, ஊதியூர் மலை எல்லாம் தனித்தனியா நிக்கிற குன்றுங்க. அடிவாரத்துல சைக்கிளை நிறுத்திட்டு ஏறிடலாம். ரோடு லேசா ஏறும், லேசா இறங்கும். கஷ்டம் வேற இடத்துல இருக்கு.

போன வருஷம் ஆடி மாசம். மத்தியானம் சாப்பிட்டுட்டு சித்தி பையனையும் (எட்டாவது படிக்கிறான்) கூட்டிக்கிட்டு சிவன்மலைக்குக் கிளம்பினேன். கிழக்கே 20 கிலோமீட்டருக்கு மேல. பறந்தோம்! நம்ம கால்ல இவ்ளோ தெம்பான்னு பெருமை வேற.

திரும்பும்போதுதான் அது எங்க தெம்பு இல்லைன்னு தெரிஞ்சது. மேல்காத்து முகத்துலயே அறையுது. பாதி வழியில "முடியலீங்ணா"ன்னு ரோட்டோரத்துல உக்காந்து அழுதுட்டான். இருட்டிடுச்சு. திருச்சி ரோட்டு லாரிங்க உரசிக்கிட்டுப் போகுது. எனக்கும் அழுகை வந்துச்சு, காட்டிக்கல. கடைசியில ஒரு பால் வண்டிக்காரர் ரெண்டு சைக்கிளையும் ஏத்திக்கிட்டார். "ஏந் தம்பி, ஆடியில கெழக்க போலாமா? காலைல மேக்க போயிட்டு காத்தோட திரும்போணும்"னார்.

சித்தி அதுக்கப்புறம் அவனை என்கூட விடவே இல்லை.

விஷயம் இதுதான். பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து அது வழியா நம்ம பக்கம் பாயுது. இங்க இத்தனை காத்தாடி நிக்கிறதும் அதனாலதான். 15 கிலோமீட்டர் வேகத்துல நீங்க மிதிக்கும்போது எதிர்க்காத்தும் 15 இருந்தா, காத்துத் தடை 2 மடங்கு இல்லீங்க, 4 மடங்கு! பி.காம் பாஷையில, போகும்போது கிடைக்கிற பின்காத்து கடன். திரும்பும்போது கூட்டு வட்டியோட கட்டணும்.

இப்போ கிளம்பறதுக்கு முன்னாடி சுத்திக்கிட்டிருக்கிற காத்தாடியைப் பார்ப்பேன். அதோட முகம் எந்தப் பக்கமோ அங்கிருந்துதான் காத்து. முதல்ல அந்தப் பக்கம் போகணும். ஆடியில காலையில மேற்கே கேத்தனூர். மார்கழி, தையில காத்து பெரும்பாலும் கிழக்கே இருந்து வரும், சிவன்மலைக்கு அப்பதான். முடிஞ்சவரை இட்டேரி வழியா போங்க. கிளுவை வேலி காத்தைக் கொஞ்சம் தடுக்கும், லாரியும் கிடையாது. முள் மட்டும் உண்டு, பஞ்சர் ஒட்டுற சாமான் வெச்சுக்குங்க.

இந்தத் தை மாசம் சித்திகிட்ட மறுபடி கேட்டேன். அவங்க பதில் சொல்றதுக்குள்ள பையன் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்துட்டு வந்தான். "கெழக்கால இருந்துதானுங்ணா!"

சித்தி சிரிச்சுட்டாங்க. "இருட்டறதுக்குள்ள வந்துரோணும்."

நாலரைக்கே வீட்டுல இருந்தோம்.