தீயும் காவலும்

தருமபுரி மாவட்டம் குன்றுகளும் காடுகளும் மேட்டு நிலங்களும் நிறைந்தது. பண்டைநாளில் தகடூர் என்னும் பெயருடன் அதியமான் நெடுமான் அஞ்சியின் ஆட்சியில் விளங்கிய இப்பகுதி, 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலம் மாவட்டத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. மேற்கெல்லையில் காவிரி ஒகேனக்கல் அருவியாக ஆர்ப்பரித்து வீழ்கின்றது. எனினும் மாவட்டத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமியே. பங்குனி பிறந்துவிட்டால் குட்டைகள் வற்றும், புல் சருகாகும், கூரையில் வேய்ந்த கீற்று மொறுமொறுவென்று காய்ந்து கிடக்கும். ஓட்டு வீடுகளும் காரை வீடுகளும் பெருகிவிட்ட இந்நாளிலும், மாட்டுக் கொட்டகையும் களத்துக் குடிசையும் பல ஊர்களில் கூரை வேய்ந்தனவாகவே இருக்கின்றன. அவற்றிற்கு அருகிலேயே வைக்கோற் போரும் கேழ்வரகுத் தாளும் சோளத் தட்டும் குவிந்திருக்கும். ஆண்டு முழுதும் பாடுபட்டவன் தன் மாடுகளுக்காகச் சேர்த்து வைத்த செல்வம் அது. அச்செல்வம் சாம்பலாவதற்கு ஒரு பொறி போதும்.

தீப்பற்றியதும் மக்கள் முதலில் எதிர்நோக்குவது தீயணைப்பு வண்டியையே. தருமபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் முதலிய ஊர்களில் தீயணைப்பு நிலையங்கள் இருக்கின்றன. அங்குள்ள வீரர்கள் இரவென்றும் பகலென்றும் பாராது ஆயத்தமாய் இருக்கின்றனர். ஆயினும், சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ உள்ள ஒரு சிற்றூருக்கு வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையைக் கடந்தன்றோ வண்டி வந்து சேரவேண்டும்? சமவெளியிலும் வயல்களின் நடுவே தனித்தனியாக அமைந்த வீடுகள் பல. வண்டி எவ்வளவு விரைந்தாலும் வழியின் நீளம் குறைவதில்லை. தீயோ காத்திருப்பதில்லை. காய்ந்த கூரையில் பற்றிய நெருப்பு, சில நிமிடங்களில் கூரை முழுவதையும் கவ்விவிடும். ஆகவே, அந்த முதற் சில நிமிடங்களில் தீயணைப்பு வீரனின் கடமையை ஏற்க வேண்டியவர் அவ்விடத்தில் இருப்பவரே. நண்பகலில் பெரியவர்கள் காட்டு வேலைக்குச் சென்றிருப்பர். சிலர் பிழைப்பை நாடி வெளியூர் போயிருப்பர். வீட்டில் முதியோரும் சிறுவருமே இருப்பர். எனவே தீயைப் பற்றிய அறிவு, பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கே முதலில் வேண்டுவதாகும்.

தீ உயிர்வாழ மூன்று பொருள்கள் வேண்டும். எரிவதற்கு ஒரு பொருள், அதனைப் பற்றச் செய்யும் வெப்பம், காற்றிலுள்ள பிராணவாயு ஆகியவையே அம்மூன்று. இவற்றுள் ஒன்றை நீக்கினாலும் தீ மடிந்துவிடும். எரியும் கூரைக்கு அடுத்த கூரையைப் பிரித்தெறிவது எரிபொருளை நீக்குவதாகும். தண்ணீர் ஊற்றுவது வெப்பத்தைத் தணிப்பதாகும். மணலைக் கொட்டுவதும் நனைத்த சாக்கினால் மூடுவதும் காற்றைத் தடுப்பதாகும். தீயை அணைக்க மக்கள் கண்டறிந்த கருவிகளெல்லாம் இம்மூன்று வழிகளுள் ஒன்றையோ பலவற்றையோ பின்பற்றுவனவே. இதனை உணர்ந்தவன் தீயைக் கண்டு திகைக்கமாட்டான். எதை நீக்குவது என்று மட்டுமே எண்ணுவான்.

எந்தத் தீயையும் தண்ணீர் அணைத்துவிடும் என்று எண்ணுவது தவறு. வாணலியில் கொதிக்கும் எண்ணெய் தீப்பற்றினால் அதில் தண்ணீர் ஊற்றலாகாது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. அது எண்ணெயின் அடியில் இறங்கி, அந்த நொடியே ஆவியாகிப் பொங்கி, எரியும் எண்ணெயை நாற்புறமும் வாரி இறைத்துவிடும். அடுப்பை அணைத்துவிட்டு, பொருத்தமான தட்டொன்றைப் பக்கவாட்டிலிருந்து மெல்ல நகர்த்தி வாணலியை மூடுவதே தக்கது. மின்கம்பியினால் உண்டான தீயிலும் தண்ணீர் ஊற்றலாகாது. மின்சாரம் தண்ணீர் வழியே ஊற்றுபவரையே தாக்கும். முதன்மை இணைப்பைத் துண்டித்த பின்னரே அடுத்த செயலில் இறங்கவேண்டும்.

விறகடுப்பு எரிந்த சமையலறைகளில் இன்று எரிவாயு உருளை வந்துவிட்டது. புகையினின்றும் தாய்மாரை விடுவித்த இவ்வாயு, கவனக்குறைவைச் சிறிதும் பொறுப்பதில்லை. இயல்பில் மணமற்ற இவ்வாயுவில், கசிவை மூக்கு உணரும்பொருட்டே தீய நாற்றமுள்ள பொருளொன்றைக் கலக்கின்றனர். இது காற்றைவிடக் கனமானதாதலின், கசிந்தால் மேலே பறந்து போகாமல் தரையிலே தங்கும். அவ்வேளையில் விளக்கின் பொத்தானைத் தட்டினால், அதில் தோன்றும் சிறு பொறியே வீட்டை வெடிக்கச் செய்துவிடும். நாற்றம் தெரிந்தால் விளக்கைப் போடுதலும் கூடாது. எரியும் விளக்கை நிறுத்துதலும் கூடாது. கதவுகளையும் சன்னல்களையும் திறந்து, உருளையின் வாயை மூடி, அனைவரும் வெளியேற வேண்டும். வெளியே வந்த பின்னரே 1906 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

கிராமத்துத் தீ விபத்துகளுக்குப் பெரும்பாலும் காரணமாவது தீய எண்ணமன்று, பழகிப்போன அலட்சியமே. அடுப்பிலிருந்து அள்ளிய சாம்பலை எருக்குழியில் கொட்டிவிட்டுப் பெண்கள் வேலையைப் பார்க்கச் செல்வர். மேலே சாம்பல் வெளுத்திருக்கும். உள்ளே கங்கு கனன்றுகொண்டிருக்கும். மாலையில் காற்று எழுந்ததும் அக்கங்கு பறந்து சென்று அருகிலுள்ள போரில் விழும். சாம்பலின்மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருந்தால் அந்தப் போர் பிழைத்திருக்கும். வண்டியில் அளவுக்கு மிஞ்சி வைக்கோலை ஏற்றித் தாழ்வான மின்கம்பிகளின் கீழே ஓட்டிச் செல்வதும் இத்தகைய அலட்சியமே. கம்பியில் உரசிய வைக்கோல் தீப்பற்றி எரிய, பின்னால் நடப்பதை அறியாத ஓட்டுநர் வண்டியைச் செலுத்திக்கொண்டே போவதுண்டு. ஆகையால் போரை வீட்டினின்றும் மின்கம்பியினின்றும் விலக்கி வைத்தல் வேண்டும். அதன் பக்கத்தில் ஒரு தொட்டித் தண்ணீரும் சிறிது மணலும் இருத்தல் நலம். இவற்றிற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

இவ்வளவும் செய்தும் தீ மூண்டுவிட்டால் என் செய்வது? முதலில் காக்கவேண்டுவது உயிரே. பெட்டியையும் பாத்திரத்தையும் எடுப்பதற்காக எரியும் வீட்டுக்குள் நுழைபவர் திரும்பி வருவது அரிது. முதியோர், குழந்தைகள், நோயாளிகள் ஆகியோரை முதலில் வெளியேற்ற வேண்டும். கட்டிய மாடுகளை அவிழ்த்துவிட வேண்டும். தீயைக் காட்டிலும் புகை கொடியது. தீ தீண்டுவதற்கு முன்பே புகை மூச்சை அடைத்துக் கொன்றுவிடும். புகை மேலே சூழும். தரையை ஒட்டிச் சிறிது நல்ல காற்று இருக்கும். ஆதலின், புகை சூழ்ந்த அறையில் நிமிர்ந்து ஓடாமல் தவழ்ந்து வெளியேற வேண்டும். ஆடையில் தீப்பற்றினால் ஓடக்கூடாது; ஓட ஓடக் காற்றுப்பட்டுத் தீ வளரும். நின்ற இடத்திலேயே தரையில் விழுந்து புரள வேண்டும். அருகில் இருப்பவர் கம்பளியாலோ சாக்காலோ போர்த்தி அணைக்கலாம். வெந்த இடத்தில் மையும் மஞ்சளும் பற்பசையும் பூசுவது தவறு. ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் நனைத்துத் தூய துணியால் மூடி மருத்துவரிடம் கொண்டு செல்வதே முறை.

தீயணைப்பு நிலையத்தை 101 என்ற எண்ணாலும், எல்லா அவசர உதவிகளுக்கும் பொதுவான 112 என்ற எண்ணாலும் அழைக்கலாம். பதற்றத்தில் பலர், “தீ! தீ! உடனே வாருங்கள்” என்று கூவிவிட்டு, எந்த ஊர் என்பதைச் சொல்லாமலே பேச்சை முடித்துவிடுவர். ஊரின் பெயர், அருகிலுள்ள பெரிய ஊர், வழியில் தென்படும் கோயில் அல்லது பள்ளி, எரியும் பொருள், உள்ளே எவரேனும் சிக்கியுள்ளனரா என்பது ஆகிய ஐந்தையும் நிதானமாகச் சொல்லவேண்டும். ஒரே பெயருள்ள ஊர்கள் பல இருத்தலால் வட்டத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்வது நன்று. பிறகு விரைந்து ஓடக்கூடிய ஒருவரைச் சாலைப் பிரிவில் நிறுத்தி வண்டிக்கு வழிகாட்டச் செய்ய வேண்டும். வண்டி சுமந்துவரும் தண்ணீர் சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும். அண்மையில் தண்ணீருள்ள கிணறு எங்கே என்று காட்ட வல்லவர் அவ்வூராரே. வேடிக்கை பார்க்கத் திரண்டு வழியை அடைப்பது உதவியாகாது.

அலட்சியத்தின் விலையைத் தமிழகம் ஒருமுறை மிகக் கொடுமையாகச் செலுத்தியது. 2004ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் எழுந்த தீ, ஓலைக் கூரையைப் பற்றி மாடியிலிருந்த வகுப்பறைக்குத் தாவிற்று. எரியும் கூரை சரிந்து பிள்ளைகளின்மேல் வீழ்ந்தது. 94 குழந்தைகள் மாண்டனர். காலையில் தலைவாரிப் பொட்டிட்டு அனுப்பிய தாய்மார், நண்பகலில் மருத்துவமனை வாயிலில் நின்று கதறினர். அதன் பின்னரே தமிழகப் பள்ளிகளில் கூரைக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. 2009ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றமும் நாடெங்கும் பள்ளிகளில் தீப்பாதுகாப்பு ஏற்பாடுகள் இருத்தல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இன்று பள்ளிச் சுவரில் தொங்கும் சிவப்பு நிறத் தீயணைப்பான் அழகுக்காக மாட்டப்பட்டதன்று. அதன் ஊசியைக் கழற்றி, குழலைச் சுவாலையின் உச்சியில் அன்றி அடிப்பகுதியில் குறிவைத்து, பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீச வேண்டும் என்பதை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருத்தல் கடமையாகும்.

தருமபுரி மாவட்டத்தாரும் அத்தகைய துயரை அறிவர். 2023ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள், கருநாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியில் பட்டாசுக் கிடங்கொன்று தீப்பற்றியது. தீபாவளி விற்பனைக்காக லாரியில் வந்த பட்டாசுகளை இறக்கும் வேளையில் எழுந்த தீ அது. உயிரிழந்தவர்களுள், பண்டிகைக்கு முன் சிறிது பொருள் ஈட்டலாம் என்று சென்ற அரூர் வட்டத்து இளைஞர் பலர் இருந்தனர். வேலை தேடிச் செல்லும் இளைஞன் கூலி எவ்வளவு என்று கேட்பது இயல்பே. அவ்விடத்தில் வெளியேற எத்தனை வாயில்கள் உள்ளன, அவை திறந்திருக்கின்றனவா என்றும் கேட்கப் பழகவேண்டும்.

வீட்டையும் வேலையிடத்தையும் போலவே காட்டையும் தீயினின்றும் காக்க வேண்டும். ஒகேனக்கல், பென்னாகரம், அரூர்ப் பகுதிக் காடுகள் கோடையில் இலையுதிர்ந்து சருகு மெத்தையாய்க் கிடக்கும். புதுப்புல் முளைக்கும் என்று எண்ணிப் பழம்புல்லுக்கு இடும் நெருப்பும், வழிப்போக்கர் எறியும் பீடித் துண்டும் குன்று முழுவதையும் எரித்துவிடும். மலைச்சரிவில் தீ கீழ்நோக்கிச் செல்வதைவிட மேல்நோக்கி மிக விரைவாக ஓடும். சுவாலை சரிவை ஒட்டிச் சாய்ந்து, மேலேயுள்ள புல்லை முன்னதாகவே சூடேற்றிவிடுவதே இதற்குக் காரணம். 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் 23 பேர் மாண்ட செய்தி இவ்வுண்மையை நினைவூட்டும்.

பிறருக்கு இத்தகைய இடர் நேருங்கால், எல்லாரும் வெளியே ஓடிவரும் இடத்திற்குள் தீயணைப்பு வீரர் புகுகின்றனர். கிணற்றில் வீழ்ந்த மாட்டைத் தூக்குவதும் வெள்ளத்தில் சிக்கியவரைக் கரைசேர்ப்பதும் அவர்கள் பணியே. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்தும் ஏற்றியிருந்த கப்பலொன்று தீப்பற்றியது. அதனை அணைக்கப் போராடிய வீரர்களுள் 66 பேர், கப்பல் வெடித்தபோது உயிர்நீத்தனர். அவர்களை நினைந்தே ஆண்டுதோறும் அந்நாள் தொடங்கி ஒரு வாரம் தீத்தொண்டு வாரமாகக் கொண்டாடப்படுகின்றது. அவ்வாரம் தருமபுரியின் வெயில் கடுமையாகும் சித்திரைப் பிறப்பை ஒட்டி அமைந்துள்ளது. அவ்வாரத்தில் தீயணைப்பு நிலையத்தார் காட்டும் செயல்விளக்கங்களை மாணவர்கள் வேடிக்கையாகக் காணாமல், தாமும் செய்து பார்த்து, வீட்டிலுள்ளோர்க்கும் கற்பித்தல் வேண்டும்.

குற்றம் நேருமுன் தன்னைக் காத்துக்கொள்ளாதவன் வாழ்வுக்கு உவமை தேடிய திருவள்ளுவர், நெருப்பின் முன் நின்ற வைக்கோற் போரையே கண்டார். உழவன் அறிந்த அழிவுகளுள் அதனினும் விரைவானது வேறில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். வீடு பற்றிக்கொண்ட பின் கிணறு வெட்டத் தொடங்குபவனை ஊர் நகைக்கும். இரவில் உறங்கச் செல்லுமுன் அடுப்பில் கங்கு உள்ளதா, எரிவாயு உருளையின் வாய் மூடியுள்ளதா, சாம்பல் நனைந்துள்ளதா என்று ஒருமுறை பார்த்துவரும் சிறுவனை எவரும் புகழார். எனினும், அவன் பார்த்துவந்த அவ்வீடு விடியுமளவும் அச்சமின்றி உறங்கும்.