இருளைக் கேட்ட செவிகள்

அன்னை தெரசா மறைந்து பத்தாண்டுகள் கழிந்தபின், 2007-இல், அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் ‘கம் பி மை லைட்’ என்னும் பெயரில் நூலாக வெளிவந்தன. கொல்கத்தாவின் தெருக்களில் சாகக் கிடந்தோரைத் தூக்கியெடுத்த அந்தப் புன்னகைக்குப் பின்னால், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இறைப் பிரசன்னத்தை உணர இயலாமல் தவித்த ஒரு மனம் இருந்தது என்பதை உலகம் அப்போதுதான் பரவலாக அறிந்தது. சிலர் அதைப் போலித்தனம் என்றனர். வேறு சிலர் அதையே புனிதத்தின் முத்திரை என்றனர். சமய உளவியல் பயில்வோருக்கு இவ்விரண்டைக் காட்டிலும் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு: அவ்வளவு நீண்ட வறட்சியில் அந்த மனம் உடைந்துபோகாமல் இருந்தது எதனால்?

1910-இல் ஸ்கோப்யே நகரில் பிறந்த அவர், பதினெட்டாம் வயதில் லொரேட்டோ துறவற சபையில் சேர்வதற்காக வீட்டைவிட்டுப் புறப்பட்டார். 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் செல்லும் ரயிலில், ஏழையரிலும் ஏழையருக்குப் பணிபுரியும் அழைப்பைப் பெற்றதாக அவர் நம்பினார். அதை அடுத்த மாதங்களில் இறைவனோடு அவருக்கு இருந்த நெருக்கம் மிக ஆழமானது. 1950 அக்டோபரில் பிறரன்பின் பணியாளர் சபைக்குத் திருஅவையின் ஒப்புதல் கிடைத்தது. எந்தப் பணிக்காக அழைக்கப்பட்டதாக நம்பினாரோ, அந்தப் பணி தொடங்கிய காலத்திலேயே அந்த நெருக்கம் வற்றிப்போனது. 1958-இல் சில வாரங்கள் விலகிய இருள் மீண்டும் வந்து கவிந்தது.

இவ்வாழ்வைப் பிணைப்புக் கோட்பாட்டைக் கொண்டு விளக்கிவிடத் தோன்றுவது இயல்பே. குழந்தை ஆபத்தில் தாயிடம் ஓடுவதையும், தாய் இருக்கிறாள் என்ற துணிவில் உலகை ஆராயப் புறப்படுவதையும் ஜான் பௌல்பி விளக்கினார். விசுவாசிக்குக் கடவுள் அத்தகைய புகலிடமாகவும் அடித்தளமாகவும் அமைகிறார் என்று லீ கிர்க்பாட்ரிக் அதை விரித்தார். தெரசா 1919-இல் தந்தையை இழந்தவர். வீட்டைவிட்டு வந்தபின் தாயை ஒருமுறையும் காணாதவர். ஆயினும் இங்கு எச்சரிக்கை தேவை. மனித உறவில் பெற்ற அனுபவமே இறையுறவிலும் தொடர்கிறது என்பது ஒரு கருதுகோள். மனித உறவில் கிட்டாததைக் கடவுள் ஈடுசெய்கிறார் என்பது மற்றொன்று. அவர் நெருக்கத்தை உணர்ந்திருந்தால் இரண்டாவதையும், வெறுமையை உணர்ந்திருந்தால் முதலாவதையும் எடுத்துக்கொள்ளலாம். முடிவு தெரிந்தபின் எதையும் விளக்கிவிடக்கூடிய கருவி, ஒரு தனிமனித வாழ்வைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.

கெனத் பார்கமெண்டின் ஆய்வுகள் இன்னும் உறுதியான தரையைத் தருகின்றன. நெருக்கடியில் சமயம் ஆறுதலாகவும் அமையலாம், போராட்டமாகவும் அமையலாம் என்று அவர் பிரித்துக் காட்டினார். 2001-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த 596 முதிய நோயாளிகளை இரண்டாண்டுகள் பின்தொடர்ந்தது. கடவுள் தம்மைக் கைவிட்டுவிட்டார், தம்மை நேசிக்கவில்லை என்பன போன்ற எண்ணங்களோடு போராடியவர்களிடையே இறப்பு வாய்ப்பு கூடுதலாகக் காணப்பட்டது. தொடர்பு காட்டும் ஆய்வு காரணத்தை நிறுவிவிடாது என்பது உண்மையே. ஆனால் விசுவாசம் எப்போதும் மருந்து என்ற எளிய வாய்பாட்டை அது கலைத்துவிடுகிறது. 2004-இல் வந்த தொடர் ஆய்வு, போராட்டம் தீராமல் நீடித்தவர்களிடமே பாதிப்பு மிகுந்திருந்ததைக் காட்டியது. ஆகவே, போராட்டம் வந்ததா என்பதோடு அது எங்கே சென்று சேர்ந்தது என்பதும் கேட்கப்பட வேண்டும்.

தெரசாவின் போராட்டம் சில செவிகளைச் சென்று சேர்ந்தது. கல்கத்தா பேராயர் பெரியே, ஆன்ம வழிகாட்டியான வான் எக்செம், புனேயில் இறையியல் கற்பித்த இயேசு சபையினர் யோசப் நாய்னர் ஆகியோருக்கு அவர் எழுதினார். 1961-ஆம் ஆண்டு தியானத்தின்போது நாய்னரிடம் அவர் மனம் திறந்தது ஒரு திருப்புமுனை. அவரைக் கடிந்துகொள்ளாமலும், இன்னும் உருக்கமாகச் செபிக்கும்படி ஏவாமலும் நாய்னர் கேட்டார். இந்த இருளுக்கு மனித மருந்து இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். இறைவனுக்கான தாகமே அவர் மறைந்திருப்பதன் அடையாளம் என்றார். இருள் அகலவில்லை. ஆனால் அது தம் குற்றத்துக்கான தண்டனையோ என்ற அச்சம் தளர்ந்தது. துன்பம் அப்படியே இருக்க, அதன் பொருள் மாறியது.

இதிலிருந்து இரண்டு கடமைகள் பிறக்கின்றன. முதலாவது, எல்லா இருளையும் ஆன்ம இருள் என்று புனிதப்படுத்திவிடக் கூடாது. உறக்கமும் பசியும் குலைந்து, எதிலும் நாட்டமற்று, சாவை விரும்பும் மனநிலைக்கு மருத்துவம் உண்டு. அத்தகையவரிடம் ஆன்ம வறட்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது ஆபத்து. இரண்டாவது, விசுவாசப் போராட்டத்தைச் சொல்வதற்கு ஓர் இடம் வேண்டும். நம் திருச்சபைகள் பலவற்றில் சாட்சி நேரம் உண்டு. தேர்ச்சி, வேலை, சுகம், கூடிவந்த திருமணம் ஆகியவை அங்கே சாட்சியாகின்றன. இன்னும் காத்திருப்பவருக்கும், செபிக்க நா எழாதவருக்கும் அங்கே முறை வருவது அரிது. அவ்வாறு சொல்ல முனையும் விடுதி மாணவிக்கு, விசுவாசம் குறைந்துவிட்டது என்ற பதிலே வீட்டிலிருந்து வரக்கூடும். ஏற்கெனவே கடவுள் விலகிவிட்டார் என்று அஞ்சுபவருக்கு, உறவும் விலகுகிறது என்ற செய்தியே அதில் கேட்கிறது. விவிலியம் இவ்வளவு கூச்சம் காட்டவில்லை. 88-ஆம் திருப்பாடல் ஆறுதல் ஏதுமின்றி இருளிலேயே முடிகிறது. அதையும் வழிபாட்டு நூலுக்குள் வைத்துக் காத்திருக்கிறார்கள்.

அக்கடிதங்களை அழித்துவிடும்படி தெரசா கேட்டிருந்தார் என்பதையும் மறக்கலாகாது. மற்றவர் கண்ணில் படாது என்ற நம்பிக்கையே அவரை எழுதவைத்தது. இன்று அவற்றைப் படித்துத் தேறுதல் பெறுபவர்கள் பலர்; ஆயினும் இரகசியம் காக்கப்படும் என்ற உறுதி இல்லாத இடத்தில் எவரும் இப்படிப் பேசமாட்டார்கள் என்பதும் அக்கடிதங்கள் தரும் பாடமே.

சமயத்தையும் மனநலத்தையும் இணைத்து ஆராயும் வினாநிரல்கள், வாரத்தில் எத்தனை முறை செபிக்கிறீர்கள் என்று கேட்கின்றன. அதற்கு அருகில் இன்னொரு வினாவுக்கும் இடம் இருக்க வேண்டும்: செபிக்க முடியாமற்போன நாளில் அதை யாரிடம் சொன்னீர்கள்?