சாது

பேத்தி பிறந்த ஐந்தாம் நாள் அவளுக்குச் 'சாது' என்று பட்டம் சூட்டினேன். பக்கத்து வீட்டுக் குழந்தை இரவெல்லாம் ஊரைக் கூட்டுகிறது. நம் குழந்தையோ பாலுக்குக்கூட எழுந்திருக்கவில்லை! "தாத்தாவை எழுத விட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் என் அக்கா வந்தாள். முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். குழந்தையை மடியில் வாங்கியதும் உள்ளங்காலைச் சுண்டினாள். அது சிணுங்கவில்லை. சட்டையை விலக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடியே ஒரு நிமிஷம் மூச்சை எண்ணினாள். நான் பேச வாயெடுத்தேன்; கையமர்த்திவிட்டு மறுபடியும் எண்ணினாள்.

"எழுபத்திரண்டு. போய் டாக்ஸி பிடிடா."

"ஜுரமே இல்லையே, அக்கா?"

"காலைத் தொட்டுப் பார்."

ஜில்லென்றிருந்தது.

பச்சைக் குழந்தையின் ரத்தத்தில் கிருமி புகுந்தால் உடம்பு சுட வேண்டும் என்பதில்லை, குளிர்ந்தும் போகலாம். பால் குடிக்க மறுக்கும், துவண்டு கிடக்கும், மூச்சு நிமிஷத்துக்கு 60-ஐத் தொடும், தாண்டும், மூச்சிழுக்கும்போது நெஞ்சின் அடிப்பாகம் உள்ளே குழியும், வலிப்பும் வரலாம். இவற்றில் ஒன்று தென்பட்டாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இத்தனையும் எனக்கு டாக்ஸியில்தான் தெரிந்தது. குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துப் போர்த்தியிருந்தாள் அக்கா.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் ஆரம்பித்துவிட்டார்கள்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அக்கா கட்சிரோலியைப் பற்றிச் சொன்னாள். மகாராஷ்டிரத்தில் காடு சூழ்ந்த ஜில்லா அது. அங்கே டாக்டர் அபய் பங்கும் அவர் மனைவி டாக்டர் ராணி பங்கும் கிராமத்துப் பெண்களுக்கே இந்த அடையாளங்களைக் கற்றுக்கொடுத்து, ஜென்டாமைசின் ஊசி போடவும் பழக்கினார்களாம். 39 கிராமங்களில், பிறந்த ஒரு மாதத்துக்குள் இறக்கும் சிசுக்களின் விகிதம், மற்றக் கிராமங்களோடு ஒப்பிட, 62 சதவிகிதம் குறைந்தது. 1999-ல் 'லான்செட்' பத்திரிகையில் அது வெளிவந்தது. மனித மனத்தின் ஆழத்தையெல்லாம் அளந்து எழுதுவதாகப் பெயர் வாங்கியவன் நான்; அந்தப் பெண்கள் எண்ணிய மூச்சை எனக்கு எண்ணத் தெரியவில்லை.

பத்து நாள் ஊசி முடிந்து பேத்தி வீடு திரும்பினாள். அன்றிரவு இரண்டு மணிக்கு அவள் வீறிட்டதில் பக்கத்து வீட்டில் விளக்கெரிந்தது. நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.