டியூபைத் திருப்புங்கள்!

உங்கள் வீட்டு பாத்ரூமில் ஃபேஸ் வாஷ் டியூப் இருந்தால் ஒரு நிமிடம் எடுத்து வாருங்கள். என்னிடம் ஏது என்கிறவர்கள் மகளிடம் கேளுங்கள், இருக்கும். முன்பக்கம் வேண்டாம். திருப்புங்கள். பொடி எழுத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி ஆங்கிலத்தில் என்னமோ இருக்கிறதல்லவா? அதைத்தான் இந்த வாரம் படிக்கப் போகிறோம்.

என்னைப் படிக்க வைத்தவள் தங்கை மகள். திருவண்ணாமலையில் ப்ளஸ் டூ படிக்கிறாள். கிரிவலம் என்று பெயர் பண்ணிக்கொண்டு (தங்கை கை வத்தக்குழம்புக்குத்தான் என்பது அருணாசலேஸ்வரருக்குத் தெரியும்) ஒரு பௌர்ணமிக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்தவள் துப்பட்டாவால் பாதி முகத்தை மூடியிருந்தாள். விலக்கிப் பார்த்தால் கன்னம், தாடை, கண்ணோரம் எல்லாம் சிவந்து, தோல் உரிந்து கிடக்கிறது.

"ரெண்டு வாரமா ஸ்கூலுக்கே போகலண்ணா. எக்ஸாம் வேற வருது" என்று தங்கை அழாத குறை.

மறுநாள் தோல் டாக்டர். "முகத்துக்கு என்னம்மா போடுற?"

"ஹெர்பல் ஃபேஸ் வாஷ் சார். வேப்பிலை, மஞ்சள்."

"சரி, வேற என்ன இருக்கு அதுல?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் டாக்டரைப் பார்த்தேன். "கவரை எடுத்துட்டு வாங்க" என்றார் அவர்.

வீட்டுக் குப்பைக்கூடையைக் கவிழ்த்தோம். அத்தனையும் சாஷே! தேரடி வீதிக் கடைகளில் தோரணமாகத் தொங்குமே, கிழித்துக் கொடுப்பார்களே, அதுதான். மொத்தமாக டியூப் வாங்க அவளிடம் ஏது காசு? கவரில் பச்சை இலை இருந்தது, கம்பெனி பெயர் இருந்தது, விலை, தேதி எல்லாம் இருந்தது. உள்ளே என்ன என்பது மட்டும் இல்லை.

"ஏமாத்துறாங்களா மாமா?"

இல்லை என்பதுதான் கொடுமை. 2020-ம் வருட காஸ்மெடிக்ஸ் விதிகளைத் தேடிப் படித்தேன். சேர்மானப் பட்டியல் கட்டாயம்தான். ஆனால் திரவம் என்றால் 60 மில்லிக்கும், கெட்டியான சமாச்சாரம் என்றால் 30 கிராமுக்கும் குறைந்த பாக்கெட்டுகளுக்கு விலக்கு. சின்ன கவரில் இடம் ஏது என்பது நியாயம்தான். ஆனால் யோசியுங்கள்... நூறு ரூபாய்க்கு மேல் கொடுப்பவருக்குக் கணக்கு சொல்ல வேண்டும். சில்லறை கொடுப்பவருக்குச் சொல்ல வேண்டாம்! சாஷே என்பதே நம்ம ஊர் புரட்சி. கடலூர் சின்னி கிருஷ்ணன் அதன் முன்னோடி. அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனிக்கடை போட்டு, சிக் ஷாம்புவைப் பட்டிதொட்டிக்கெல்லாம் கொண்டுபோனார். ஏழைக்கும் ஷாம்பு கிடைத்தது பெரிய விஷயம். பட்டியல்தான் கூட வரவில்லை.

சரி என்று அதே ஃபேஸ் வாஷின் பெரிய டியூபை வாங்கி வந்தோம், படிப்பதற்காக மட்டும்.

நான் பி.காம். கெமிஸ்ட்ரி என்றால் பத்தாம் வகுப்போடு கும்பிடு. ஆனால் கம்பெனி ஆண்டறிக்கை படித்திருக்கிறேன். சேர்மன் உரை பளபளவென்று முன்னால் இருக்கும். வண்டவாளமெல்லாம் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்துக் குறிப்புகளில் இருக்கும். டியூபும் அப்படித்தான். வேப்பிலைப் படம் சேர்மன் உரை.

ஒரு சதவீதத்துக்கு மேல் இருப்பதையெல்லாம் அதிகத்திலிருந்து குறைவுக்கு வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. அதற்குக் கீழே உள்ளவை எந்த வரிசையிலும் வரலாம். முதல் பெயர் அக்வா. அதாவது தண்ணீர்! அடுத்து சோடியம் லாரத் சல்ஃபேட். நுரை வருவதும் எண்ணெய்ப் பிசுக்கு போவதும் இதனால். மூன்றாவது கோகமிடோப்ரோபைல் பீட்டைன். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், பூர்வீகம் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய்தான். நுரையின் காரத்தைக் கொஞ்சம் தணிக்க. பிறகு கிளிசரின். பிறகு சோடியம் குளோரைடு... நம்ம சாப்பாட்டு உப்பு! இந்த மாதிரி நுரைத் திரவத்தில் உப்பைப் போட்டால் கொழகொழவென்று கெட்டியாகும். கெட்டியாக இருந்தால் சத்து அதிகம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

"வேப்பிலை எங்க மாமா?"

கடைசிக்கு முந்தின வரியில் இருந்தது. அதற்கு முன்னால் ஃபீனாக்ஸி எத்தனால். இது கெட்டுப்போகாமல் காக்கும் சரக்கு, ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்க அனுமதி இல்லை. வரிசையில் இதற்குப் பின்னால் வருகிற எதுவும் ஒரு சதவீதத்தைத் தாண்டாது என்று அர்த்தம். நூறு கிராம் டியூபில் வேப்பிலைச் சாறு மிஞ்சிப்போனால் ஒரு கிராம். மஞ்சளுக்கும் அதே கதி. டியூபின் மஞ்சள் நிறம் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? சிஐ 19140 என்று ஒரு நம்பர் இருந்தது. அது டார்ட்ராசின் என்ற சாயம்.

பட்டியலைப் பார்த்த டாக்டர் பேனாவால் இரண்டு பெயரைச் சுழித்தார். ஒன்று, மெத்தில்ஐசோதயசோலினோன். இன்னொன்று, பர்ஃப்யூம். "இதுல ஒண்ணா இருக்கலாம். பேட்ச் டெஸ்ட் பண்ணாத்தான் உறுதியா சொல்ல முடியும்" என்றார். சந்தேகப்படும் சரக்குகளைத் துளித்துளியாக முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள், பிறகும் ஒருமுறை பார்ப்பார்கள்.

முதல் ஆசாமியை அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013-ல் 'இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. (இதற்கெல்லாம்கூட விருது!) முகத்திலேயே தங்கும் க்ரீம்களில் இதைச் சேர்க்க ஐரோப்பாவில் 2017-ல் தடை போட்டார்கள். கழுவிவிடும் பொருட்களில் பத்து லட்சத்தில் 15 பங்கு வரை விட்டுவைத்திருக்கிறார்கள். பலருக்கு இது ஒன்றும் செய்யாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பர்ஃப்யூம் இன்னும் கில்லாடி. ஒரே வார்த்தைக்குள் பத்து, இருபது வாசனைச் சரக்குகள் ஒளிந்திருக்கலாம். பேலன்ஸ் ஷீட்டில் 'இதர செலவுகள்' என்று போடுவார்களே, ஆடிட்டர்கள் கண்ணாடியைச் சரிசெய்துகொள்ளும் இடம், அந்த மாதிரி.

உடனே "கெமிக்கலே வேண்டாம், கடலைமாவு போடு" என்றாள் தங்கை. "இயற்கைன்னா ஒத்துக்கும்னு யார் சொன்னது? எலுமிச்சை தேச்சுக்கிட்டு வெயில்ல போய்ப் புண்ணோட வர்றாங்க" என்றார் டாக்டர். இப்போதைக்கு வெறும் தண்ணீர், அவர் எழுதிக் கொடுத்த களிம்பு. பேட்ச் டெஸ்ட் பரீட்சைக்கு அப்புறம்.

அடுத்த பௌர்ணமிக்கு மறுபடி போனேன். முகம் தெளிந்திருந்தது, கண்ணோரம் மட்டும் லேசாகக் கறுப்பு. துப்பட்டா தோளில் இருந்தது. 14 கிலோமீட்டரில் பாதி தாண்டி, தண்ணீர் பாட்டில் வாங்க ஒரு பெட்டிக்கடையில் நின்றோம். தலைக்கு மேலே அதே தோரணம். அவள் ஒரு சாஷேயைப் பிடித்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எக்ஸ்பைரி டேட்டாம்மா பாக்குற? புது சரக்கு, நேத்துதான் வந்துச்சு. தைரியமா வாங்கிக்க" என்றார் கடைக்காரர்.