பொம்மைக் கடைக்கு ஒரு பேட்டரி

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நவராத்திரிக்கு முன் கொலு பொம்மைக் கடைகள் வருமே, அதில் ஒரு ஓரமாக என் தங்கையும் காகிதக்கூழ் பொம்மைகளைப் பரப்புவாள். மொத்தம் இருபது நாள் வியாபாரம். அத்திம்பேர் போன பிறகு வருஷத்துச் செலவில் பெரும்பங்கு அந்த இருபது நாளிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. வாங்குகிறவர்கள் ஆபீஸ் விட்டு வருகிறவர்கள். ஆகவே ஐந்து மணிக்கு மேல் விளக்கு இல்லையென்றால் கடையே இல்லை.

பக்கத்தில் ஜெனரேட்டர்காரர் ஒரு பல்புக்கு இவ்வளவு என்று தினசரி வசூலிப்பார். அதற்கும் அவர் கொடுக்கிற நேரம்தான் நேரம். கம்பத்தில் கொக்கி போடுகிறவர்களும் உண்டு. அந்தப் பேச்சையே அவள் எடுக்க விடமாட்டாள். "அண்ணா, எனக்கே எனக்குன்னு ஒரு பேட்டரி பார்த்துக் குடு. நான் தூக்கற மாதிரி இருக்கணும்" என்றாள்.

தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் பேட்டரி அறையோடு காலம் தள்ளியவன் நான். இரண்டு வோல்ட் செல் 24 சேர்த்து 48 வோல்ட். ஹைட்ரோமீட்டரை விட்டு ஆசிட் அடர்த்தி பார்த்து நோட்டில் எழுதிய கை இது. எனக்கு ஈய பேட்டரி மேல் பாசம் உண்டு என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் கணக்கு. 7 வாட் பல்பு ஆறு, 42 வாட். ஐந்து மணி நேரத்துக்கு 210 வாட் அவர். செல்போனுக்கும், பணம் வந்ததைக் கூவுகிற அந்தச் சின்னப் பெட்டிக்கும் சேர்த்து 230 என்று வைத்துக்கொண்டேன்.

கடைக்காரப் பையன் 20,000 என்று போட்ட பவர் பேங்கை நீட்டினான். இருபதாயிரம் என்றால் பெரிதாகத்தான் தெரியும். அது மில்லி ஆம்பியர் அவர், அதுவும் உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் செல்லுக்கு. பெருக்கினால் 74 வாட் அவர். இரண்டு மணி நேரம்கூட வராது. எந்தப் பெட்டியானாலும் வாட் அவர் என்னவென்று கேளுங்கள், மற்ற எண்களை விட்டுவிடுங்கள்.

ஈய பேட்டரியில் 12 வோல்ட், 42 ஆம்பியர் அவர் என்றால் கணக்கில் 504. ஆனால் அதில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையும். கையில் கிடைப்பது 252. போதும்தான். எடை 13 கிலோவுக்குக் குறையாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 12.8 வோல்ட், 30 ஆம்பியர் அவர் என்றால் 384. அதில் எண்பது சதவீதம் தாராளமாக எடுக்கலாம், 307. எடை சுமார் நான்கு கிலோ. விலைதான் கையைக் கடித்தது.

"ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் பண்ணலாம் சார்" என்றான் பையன். வருஷத்துக்கு இருபது ராத்திரிக்கு அது எதற்கு? என்னை யோசிக்க வைத்தது மீதி பதினோரு மாதம். எக்ஸ்சேஞ்ச் பேட்டரிகள் அத்தனை வருஷம் உழைத்ததற்குக் காரணம், அவை சார்ஜரை விட்டு இறங்கியதே இல்லை. ஈய பேட்டரியைப் பரணில் போட்டு மறந்தால் தானாகவே இறங்கி, தகடுகளில் சல்பேட் படிந்து, அடுத்த புரட்டாசிக்கு வெறும் பாரம்தான். லித்தியத்தைப் பாதி சார்ஜில் வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். அதையே வாங்கினோம், அதற்கென்று உள்ள சார்ஜரோடு.

இன்வெர்ட்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 12 வோல்ட்டிலேயே எரிகிற பல்பு கிடைக்கிறது. 230 ஆக ஏற்றினால் வழியில் கொஞ்சம் வீணாகும். தவிர, சாயங்கால மழையில் நனைந்த பிளாட்பாரத்தில் அவள் கையருகே 230 வோல்ட் எதற்கு? ஆனால் 12 வோல்ட்தானே என்று அலட்சியம் கூடாது. ஒயர் ஒட்டிக்கொண்டால் அந்த பேட்டரி கொட்டுகிற கரண்டில் காகிதப் பொம்மையும் தார்ப்பாயும் பற்றிக்கொள்ளும். பாசிடிவ் முனையை ஒட்டியே 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுக் கொடுத்தேன்.

பல்பு நிறத்தை மட்டும் அவள் என்னிடம் விடவில்லை. நீல வெள்ளையை ஒரு மீனாட்சி பொம்மை மேல் அடித்துப் பார்த்துவிட்டு, "பேயறைஞ்ச மாதிரி இருக்கா அண்ணா" என்று ஒதுக்கிவிட்டாள். மஞ்சள் கலந்த வெள்ளையில் ஆறு வாங்கிக்கொண்டாள். இப்போது பேட்டரி ஒரு கட்டைப் பையில், தசாவதார செட்டுக்குப் பக்கத்தில், ஆட்டோவில் அவள் மடியிலேயே போகிறது.