யாருக்காகச் சொன்ன அறிவுரை?

வீட்டு மடிக்கணினியில் புதிதாக லினக்ஸ் நிறுவியவர் அதன் பாதுகாப்புக்கு வழி தேடினால், கைக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி அவருக்காக எழுதப்பட்டதே அல்ல. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் போர்ட்டை மாற்று, ஃபெயில்2பேன் போடு, கெர்னல் அமைப்புகளை இறுக்கு என்பவையெல்லாம் இரவும் பகலும் இணையத்தில் இருக்கும் சர்வர்களுக்கு உரியவை. உபுண்டு என்னும் லினக்ஸ் வழங்கலுக்கென்று சிஐஎஸ் அமைப்பு வெளியிடும் பாதுகாப்பு வரையறை பல நூறு பக்கம் நீளும். கணினிகளைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது அருமையான ஆவணம். ஆனால் உபுண்டு டெஸ்க்டாப்பை நிறுவும்போது எஸ்எஸ்எச் சர்வர் கூடவே வருவதில்லை. இல்லாத கதவுக்குப் பூட்டு எதற்கு? இது யாருக்கு, எந்த ஆபத்துக்கு என்ற கேள்விக்குப் பதில் சொல்லாத அறிவுரையை, எழுதியவர் எவ்வளவு தேர்ந்தவரானாலும், புதியவர் ஒதுக்கிவிடலாம் என்பது என் உறுதியான கருத்து.

வீட்டு மடிக்கணினிக்கு வரும் ஆபத்துகள் வேறு. முதலாவது, அது தொலைந்துபோவது. லாகின் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நம்பியிருப்பவர்கள் பலர். ஒரு பென்டிரைவிலிருந்து கணினியை இயக்கினால் அந்தப் பாஸ்வேர்டைக் கேட்காமலே கோப்புகளைப் படித்துவிடலாம். அதைத் தடுப்பது எல்யூகேஎஸ் என்னும் வட்டுக் குறியாக்கம். நிறுவும்போதே அதைத் தேர்ந்தெடுப்பது எளிது, பிறகு சேர்ப்பது பெரும்பாடு. அதன் கடவுச்சொல் மறந்தால் மீட்க வழியில்லை. எனவே பேக்கப்பும் பாதுகாப்பின் பகுதிதான். இரண்டாவது, பழைய மென்பொருள். 2020 ஏப்ரலில் வந்த உபுண்டு 20.04-இன் வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அதற்குப் பின்னும் எதுவும் செய்யாமல் அதையே வைத்துக்கொண்டிருப்பவருக்கு எந்த ஃபயர்வாலும் ஈடாகாது.

கூடுதலாகச் சிலவற்றைச் செய்துவைத்தால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். கெடுதல் உண்டு. புரியாத கட்டளையை, நிர்வாகி அதிகாரம் தரும் சுடோவோடு ஒட்டி ஓட்டுகிறவர், முகம் தெரியாத ஒருவருக்குக் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுக்கிறார். லினக்ஸுக்கு வைரஸே வராது என்பாரும் உண்டு. ஆனால் 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்னும் வழங்கலின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், தரவிறக்க இணைப்பை மாற்றிப் பின்கதவு வைத்த நிறுவல் கோப்பை மக்களுக்குக் கொடுத்தார்கள். கோப்பின் கையொப்பத்தைச் சரிபார்க்கச் சொல்லும் அறிவுரையின் அருமை அங்கே தெரிகிறது. இதைவிடக் கனமான ஆட்சேபமும் இருக்கிறது: வழங்கலின் அதிகாரபூர்வ மென்பொருள் களஞ்சியத்தையே நம்பலாமா? 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் சுருக்க மென்பொருளில் பின்கதவு இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃபிராயின்ட் கண்டுபிடித்தார். எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமானதுதான் அவருக்குத் தடயம். களஞ்சியமும் தவறலாம் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் பின்கதவு இருந்த அந்த எக்ஸ்இசட் பதிப்பு டெபியன் வழங்கலின் நிலைப் பதிப்பை எட்டவில்லை, சோதனைக் கிளைகளிலேயே பிடிபட்டது. புதியவருக்கு நிலைப் பதிப்பைப் பரிந்துரைப்பது இதனால்தான்.

ஆகவே புதியவர் அறிவுரைக்கு முதலில் போக வேண்டிய இடம், தாம் பயன்படுத்தும் லினக்ஸ் வழங்கலின் சொந்த ஆவணம். அதிலும் எந்தப் பதிப்புக்கு எழுதியது, செய்ததைத் திருப்பி எடுப்பது எப்படி என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். உபுண்டுவோடு வரும் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். அதை இயக்க ஒரு கட்டளை போதும், அணைக்கவும் ஒரு கட்டளை போதும். புதியவர் அஞ்சாமல் கைவைக்கக்கூடியது இப்படிப்பட்ட மாற்றத்தில்தான்.