வாடிவாசல்: வெறுங்கையும் துப்பாக்கியும்

சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' நூலாக வெளிவந்தது 1959-ஆம் ஆண்டு. நூறு பக்கங்களைக்கூட எட்டாத இக்குறுநாவலைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றை அடுக்கினால் ஒரு தடித்த தொகுதியே தேறும். ஹெமிங்வேயின் கிழவனையும் கடலையும் இதனருகே கொண்டுவந்து வைத்தவர்கள் உண்டு. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் தெருவில் திரண்டபோது இதை வீரத்தின் சாசனமாக ஏந்திக்கொண்டவர்களும் உண்டு. இரண்டு வாசிப்புகளிலும் எனக்கு மனநிறைவு ஏற்பட்டதில்லை. மனிதன் எதிர் இயற்கை என்று சொல்லும்போதும், மனிதனின் மறம் என்று சொல்லும்போதும் நாவலின் கடைசிப் பக்கங்கள் கணக்கில் வராமலேயே போய்விடுகின்றன.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகக் கதை. உசிலனூர் பிச்சி, தன் மச்சான் மருதனோடு ஜல்லிக்கட்டுக்கு வருகிறான். பெரியபட்டி ஜமீன்தாரின் காளையான காரியை அணைவதுதான் அவன் நோக்கம். அவனுடைய தந்தை அம்புலி பேர்பெற்ற மாடுபிடிக்காரர். காரியின் கொம்பில் பட்டு உயிர்விட்டவர். வாடிவாசலில் நின்று எத்தனையோ பார்த்துவிட்ட கிழவர் ஒருவர் இவர்களுக்குப் பேச்சுத்துணை. ஒரே பிற்பகல், ஒரே திடல். பிச்சி காரியை அணைந்துவிடுகிறான், அவனும் குத்துப்படுகிறான். வெறிகொண்டு ஓடிய காரியை ஜமீன்தார் சுட்டுக் கொல்கிறார்.

ஜல்லிக்கட்டில் காளை சாவதில்லை என்பதை நாம் சற்று நிறுத்தி யோசிக்கவேண்டும். ஸ்பெயின் நாட்டுக் காளைப்போரில் காளையின் மரணம் ஆட்டத்தின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. மாட்டை வாளால் வீழ்த்தினால்தான் ஆட்டம் முடியும். ஹெமிங்வே அதைத் துன்பியல் நாடகமாகவே கண்டார். நம் பக்கத்து வழக்கம் வேறு. இங்கே மாடுபிடிப்பவனின் கையில் ஒன்றும் இருக்கக் கூடாது. திமிலைத் தழுவி, மாடு துள்ளும் துள்ளலுக்கு ஈடுகொடுத்து நின்று, கொம்பில் கட்டியிருக்கும் துணியையோ காசையோ எடுத்தால் போதும். மாடு வீட்டுக்குத் திரும்பிவிடும். அடுத்த தை மாதமும் அதே மாடு வரும். சாவு வருமென்றால் அது மனிதனுக்குத்தான் வரும், அதுவும் விபத்தாக.

ஆகவே காரியின் சாவு ஆட்டத்துக்குள் நிகழ்ந்ததன்று. ஆட்டம் முடிந்த பிறகு, வெளியிலிருந்து வந்தது. நாவல் முழுக்க மனிதர்கள் வெறுங்கையோடு நிற்கிறார்கள். ஆயுதம் என்று சொல்லத்தக்க ஒன்று கடைசியில்தான் வெளிப்படுகிறது; அதுவும் ஒருமுறைகூடத் திடலில் இறங்காத ஒருவரின் கையில். செல்லப்பா இதைச் சுட்டிக்காட்டி ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஆனால் நாவலின் குறியீடுகளில் எனக்குத் தலையாயதாகப் படுவது காளையன்று, பிச்சியுமன்று. வெறுங்கைக்கும் துப்பாக்கிக்கும் இடையே உள்ள அந்தத் தூரந்தான்.

நான் ஆண்டிபட்டிக்காரன். எங்கள் ஊரில் நாவல் என்று பேச்செடுத்தால் முதலில் வருவது 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. வைகை அணைக்குள் மூழ்கிய ஊர்களின் கதையாயிற்றே, அது இயல்புதான். (அந்த அணை திறக்கப்பட்டதும் 'வாடிவாசல்' நூலானதும் 'எழுத்து' இதழ் தொடங்கியதும் ஒரே ஆண்டில், 1959-ல்.) ஆனால் கணவாய்க்கு அந்தப் பக்கம் உசிலம்பட்டி, இந்தப் பக்கம் நாங்கள் என்றிருக்கும் இந்த மண்ணில் 'வாடிவாசல்' இன்னொரு விதமாகவும் ஒலிக்கிறது. உசிலனூர் என்ற பெயரைப் படிக்கும்போதே உசிலம்பட்டி காதில் விழுகிறது. எங்கள் வட்டாரத்தின் நினைவில் துப்பாக்கி என்பது எப்போதும் அதிகாரத்தின் கையிலிருந்துதான் வந்திருக்கிறது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில், குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்ப் பெயர் பதிய மறுத்த மக்களைக் காவல்துறை சுட்டது. பலர் மாண்டார்கள். செல்லப்பா அதை மனத்தில் வைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. நாவலில் அதற்குச் சான்றும் இல்லை. இந்தப் பக்கத்து வாசகன் அந்த வெடிச்சத்தத்தில் வேறொன்றையும் கேட்டுவிடுகிறான் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஜமீன்தார் எங்களுக்குக் கற்பனைப் பாத்திரமும் அல்லர். கண்டமனூர், போடிநாயக்கனூர், எரசக்கநாயக்கனூர் என்று எங்களைச் சுற்றிலும் ஜமீன்கள் இருந்தன. 1948-ல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆகவே காரியைச் சுட்டதை அழியும் நிலவுடைமையின் கடைசிச் சீற்றம் என்று முற்போக்கு விமரிசகர் எவரும் எளிதில் எழுதிவிடலாம். அது பிழையில்லை. ஆனால் போதாது. ஏனென்றால் அந்த ஜமீன்தார் எங்கள் வீட்டிலேயே இருந்தார்.

என் பெரியப்பாவுக்கு நாலு ஏக்கர் மானாவாரியும் ஒரு கிணறும்தான் சொத்து. 1990-களில் அவர் ஒரு மயிலைக் காளை வளர்த்தார். வளர்த்தார் என்று சொல்வதுகூடச் சரியில்லை, வளர்த்தது பெரியம்மா. பருத்திக்கொட்டை ஆட்டுவது, தவிடு கரைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் அவருடைய கைதான். அவர் பக்கத்தில் போனால் நாய்க்குட்டி மாதிரி தலையைத் தாழ்த்தி நிற்கும் அந்த மாடு, எங்களில் யாராவது கட்டுத்தறிப் பக்கம் தலைகாட்டினால் மண்ணைக் கிளறும். நான்கு ஆண்டுகள் எந்தத் திடலிலும் அதன்மீது ஒரு கை விழுந்ததில்லை. பெரியப்பா தேநீர்க்கடையில் உட்காரும் தோரணையே மாறியிருந்தது. ஐந்தாவது ஆண்டு, பக்கத்து ஊரில், மீசை முளைக்காத ஒரு பையன் அதை அணைந்து மூன்று துள்ளல்களுக்கும் விடாமல் நின்றுவிட்டான்.

பெரியப்பா மாட்டை அடிக்கவில்லை, வையவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டினார். நான்காம் நாள் காலை வியாபாரி ஒருவன் வந்தான். கம்பம் வழியாகக் குமுளிக்குப் போகிற லாரியில் மாடு ஏறிற்று. அந்த லாரிகள் எதற்காகப் போகின்றன என்பது எங்கள் பக்கத்தில் சிறுபிள்ளைக்கும் தெரியும். "ஏன் பெரியப்பா?" என்று கேட்டதற்கு, "பிடிபட்ட மாட்டக் கட்டிவச்சு மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்க முடியாதுப்பா" என்றார். பெரியம்மா அன்று முழுவதும் பேசவில்லை. மறுநாள் கட்டுத்தறியைக் கூட்டும்போது மட்டும் ஒன்று சொன்னார்: "அது என்ன பாவஞ் செஞ்சுச்சு? அது பந்தயமா கட்டுச்சு?"

'வாடிவாசல்' பற்றி நான் படித்த எந்த விமரிசனமும் இந்தக் கேள்விக்கு அருகில் வரவில்லை.

காரிக்கு ஜமீன்தாரின் மானம் தெரியாது. அம்புலி சாகும்போது மகனிடம் விட்டுச்சென்ற ஆசையும் தெரியாது. திடலைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் அதன்மீது எதையோ ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு அது குடும்பக் கடன், மற்றவருக்கு அந்தஸ்து, கூட்டத்துக்கு ஒரு பிற்பகலின் கிளர்ச்சி. நாம் வாசகர்களும் குறியீடு, படிமம் என்று நம் பங்குக்கு ஒரு மூட்டையை ஏற்றுகிறோம். அத்தனை பாரத்தையும் சுமந்துகொண்டு அந்த விலங்கு வாசலைக் கடந்து வெளிச்சத்துக்கு வருகிறது. நாவலுக்கு மனிதனின் பெயரையோ காளையின் பெயரையோ சூட்டாமல் அந்த வாசலின் பெயரைச் சூட்டினாரே செல்லப்பா, அதன் நுட்பம் எனக்குப் பிந்திதான் பிடிபட்டது. அந்த இடத்தைத் தாண்டிய பிறகு மாடு வெறும் மாடாக இருக்க முடியாது. அதன் எதிரில் நிற்பவனும் வெறும் மனிதனாக இருக்க முடியாது.

பிச்சியையும் ஜமீன்தாரையும் ஒரே தராசில் வைக்கிறேனா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. பிச்சியும் பழியைத்தான் சுமந்து வருகிறான். ஆனால் அந்தப் பழியைத் தீர்க்கத் தன் உடம்பைத் தவிர வேறெதையும் பணயமாக வைப்பதில்லை. கொம்புக்கு முன்னால் நிற்கிறவன் அவன். தோற்றால் சாகிறவனும் அவனே. ஜமீன்தாரின் மானத்துக்கோ பணயம் வேறோர் உயிர். அது தோற்றதும் அவர் அதை அழிக்கிறார். செல்லப்பா இருவருக்கும் தீர்ப்பு வழங்கவில்லை. ஜமீன்தாரைக் கொடுங்கோலனாகத் தீட்டவுமில்லை. அவருடைய பெருந்தன்மையையும் காட்டிவிட்டுத்தான் துப்பாக்கியைக் காட்டுகிறார். அதனால்தான் அந்த முடிவு இன்னும் குளிர்ந்துபோய் நம்மேல் விழுகிறது.

இனி ஆசிரியரின் வாழ்க்கை நோக்கு. பெயரிலேயே சின்னமனூரைச் சுமந்தவர், வத்தலக்குண்டில் வளர்ந்தவர், சுதந்திரப் போரில் சிறை சென்ற காந்தியவாதி. ரத்தமும் புழுதியும் பறக்கும் இப்படியொரு கதையை ஒரு காந்தியவாதி எழுதியதைச் சிலர் முரண் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெறுங்கையோடு, தன் உடம்பை மட்டும் பணயம் வைத்து, தன்னைவிடப் பலமடங்கு வலிய ஒன்றின் எதிரில் போய் நிற்பதை அவர் 1930-களிலிருந்தே கண்டிருக்கிறார். அவருடைய தலைமுறைக்கு அதன் பெயர் சத்தியாக்கிரகம். பிச்சியைச் சத்தியாக்கிரகி என்று சொல்லுமளவுக்கு நான் துணியமாட்டேன். அவன் நெஞ்சில் இருப்பது அன்பு அல்ல. எனினும் எந்தக் கை மதிப்புக்குரியது, எந்தக் கை அல்ல என்பதில் நாவலாசிரியருக்கு ஐயமில்லை.

அவருடைய வாழ்வும் இதையே சொல்லிற்று. 1959 ஜனவரியில் அவர் தொடங்கிய 'எழுத்து' 1970 வரை வந்தது. புதுக்கவிதை தமிழில் காலூன்றியது அதன் பக்கங்களில். 1962-ல் இருபத்து நான்கு கவிஞர்களின் கவிதைகளை 'புதுக்குரல்கள்' என்று தொகுத்தார். அவருக்குப் பின்னால் செல்வந்தரோ கட்சியோ பல்கலைக்கழகமோ இல்லை. புத்தகக் கட்டைத் தாமே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அக்காலச் சிற்றிதழ்க்காரர்கள் பலர் ஒரு புரவலரின் நிழலில் ஒதுங்கியதை நாம் குறைசொல்ல வேண்டியதில்லை. பசி எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் இவர் ஒதுங்கவில்லை. யாருடைய பெருமைக்காகவும் திடலில் அவிழ்த்துவிடப்படும் காளையாக இருக்க அவர் சம்மதிக்கவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன். கடுமையானவர், பிடிவாதக்காரர், அவரோடு ஒத்துப்போவது எளிதன்று என்றும் சொல்வார்கள். இருக்கலாம். எவரிடமும் கைநீட்டாதவர்களிடம் அந்தக் கடுமை வந்துவிடுகிறது.

முதிய வயதில், 1997-ல், 'சுதந்திர தாகம்' என்ற பெருநாவலை வெளியிட்டார். 1998 டிசம்பரில் காலமானார். அந்நாவலுக்கு 2001-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டபோது அவர் இல்லை. இருந்திருந்தால் மேடையேறி வாங்கியிருப்பாரா, திருப்பி அனுப்பியிருப்பாரா என்பதில் எங்கள் ஊர் நண்பர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. திருப்பி அனுப்பியிருப்பார் என்பது என் கட்சி.